போர்மேன் நடத்திய கோடை முகாம்

என் மாமியாருக்கு நான் பயந்ததில்லை. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு அக்கம்பக்கமே பயப்படும். அவருக்கும் நான் பயந்ததில்லை. வாழ்க்கையில் நான் நடுங்கிய ஒரே ஆள் போர்மேன்தான். என்னை மட்டும் சொல்வானேன்? அவர் தொண்டையைச் செருமினால் சாத்தூர் பக்கம் காக்காய்கூடக் கரைவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காலமெல்லாம் போர்மேனாக இருந்தவர். அவர் பொறுப்பில் இருந்தவரை அங்கே ஒருவருக்கு ஒரு முடிகூடக் கருகியதில்லை. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் ஆட்கள் தங்களை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

ஆள் ஒல்லி. நாலு முழ வேட்டி, கைவைத்த பனியன். புருவம் மட்டும் இரண்டு பேருக்குப் பங்கு போடலாம், அவ்வளவு அடர்த்தி. பட்டாசுத் தொழிலில் ஆயுசைக் கழித்தவருக்கு அப்படியொரு புருவம் மிஞ்சியிருப்பதே அவருடைய சான்றிதழ்.

அந்தக் கம்பெனியின் சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தங்கமான பையன். மே மாதம் பிள்ளைகளை ஒரு வாரம் தங்கவைத்து சம்மர் கேம்ப் நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாத்தூரைத் தாண்டி, லீவில் சும்மா கிடந்த பள்ளிக்கூட ஹாஸ்டல் ஒன்றைப் பிடித்தார். சிவகாசியில் வழவழவென்று நோட்டீஸ் அடித்தார். அதில் நீல நிறத்தில் ஒரு ஏரி, கரையெல்லாம் ஊசியிலை மரங்கள், தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள். 'உங்கள் குழந்தை எதிர்பார்க்கலாம்' என்ற தலைப்பின் கீழே மரம் ஏறுதல், நட்சத்திரம் பார்த்தல், கதை நேரம், கடைசி நாள் கேம்ப் ஃபயர் என்று வரிசையாகப் போட்டிருந்தார்.

அங்கே போய்ப் பார்த்தால் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வறண்ட கண்மாய். மரம் என்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சீமைக் கருவேலம். அதில் ஒரு பிள்ளை ஏறினால் இறக்குவதற்கு டாக்டர்தான் வர வேண்டும்.

எல்லாவற்றையும் யோசித்த சின்ன முதலாளி, பிள்ளைகளை யார் கட்டி மேய்ப்பது என்பதை மட்டும் மறந்துபோனார். கடைசி நேரத்தில், ஓய்வு பெற்று வீட்டில் இருந்த போர்மேனிடம் ஓடினார்.

"அண்ணாச்சி, எம்புட்டுப் பேரை வச்சு வேலை வாங்குனவுக நீங்க. இது சின்னப் பிள்ளைகதானே?"

போர்மேன் புருவத்தை உயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "சின்னப் பிள்ளைகன்னா, சட்டுன்னு பத்திக்கிருமே மொதலாளி?"

இதற்குள் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்ஷினி ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். வாலிபால் ஆடுவாள். வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் போய்ச் சேர வேண்டும். அவளுக்குப் போக ஆசை. கொள்ளை ஆசை. ஒரே ஒரு சிக்கல். பிறந்ததிலிருந்து என் சேலை முந்தானையை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளாமல் அவள் தூங்கியதே இல்லை. ஒருமுறை காரியாபட்டியில் அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். விளக்கு வைப்பதற்குள் அவள் அழுத அழுகையில் சித்தியும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த் தூக்கி வந்தார்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு தர்ஷினியே வந்து சொன்னாள். "அம்மா, இந்த கேம்ப்ல இருந்து பாக்குறேன். இருந்துட்டா ஹாஸ்டலுக்குப் போறேன். முடியலைன்னா இடம் வேண்டாம்னு சொல்லிருங்க." சொல்லும்போதே அவள் உதடு துடித்தது.

கேம்பில் கதை சொல்ல ஆள் வேண்டும் என்று சின்ன முதலாளி கேட்டதும் நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். பத்திரிகையில் எழுதுகிறவள், சமூக சேவை செய்ய வந்திருக்கிறாள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் எங்கள் கடையில் பருப்பு மூட்டைக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். "நீ அவளுக்குத் துணையாப் போறியா, இல்ல அவ உனக்குத் துணையா வாராளா?"

முதல் நாள் காலை வாசல் கேட்டில் போர்மேன் நின்றுகொண்டிருந்தார். கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர்களைச் சோதிப்பது போலவே ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்தார். சிலந்தி படம், வௌவால் படம் போட்ட பளபள சட்டைகளோடு வந்த பையன்களை ஓரமாக நிறுத்தினார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நைலான். ஒரசுனாப் பொறி. கழட்டு." ஒரு பொட்டலத்திலிருந்து வெள்ளை முண்டா பனியன்களை எடுத்து நீட்டினார். உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்களெல்லாம் அரைமணி நேரத்தில் பலசரக்குக் கடைப் பையன்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பருத்திச் சட்டைதான். சரசரவென்று வந்த பாவாடைகள் எல்லாம் வந்த காரிலேயே ஊருக்குத் திரும்பின.

அடுத்தது மொபைல். பெரியவர்களுடையதையும் சேர்த்து வாங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். மொபைலை அவர் வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். கையால் தொடவில்லை. பெட்டியைத் திறந்து நீட்டினார், நாங்களே போட்டோம். தம் வாழ்நாளில் அந்தச் சனியனைக் காதில் வைத்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். "அதுக்குள்ள இருக்குறது நெருப்பு தாயி. நாலு பேரு பேசிப் பேசித்தான் அது சூடாகுது."

உள்ளே போனால் பெரிய ஹாலைக் காணோம். பழைய நூல் சேலைகளைக் கட்டி அதைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருந்தார். ஒரு தடுப்புக்கு நாலு பிள்ளைகள். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. அது பாதுகாப்புச் சட்டம். அவருக்கோ வேதம்.

"அண்ணாச்சி, பிள்ளைக எல்லாரும் சேர்ந்து படுத்தாத்தானே ஜாலியா இருக்கும்?" என்று சின்ன முதலாளி கெஞ்சினார்.

"நாலு பிள்ளை சேர்ந்தா பேச்சு. அஞ்சாவது ஒண்ணு சேர்ந்தா கச்சி. ஆறாவது வந்தா வெடிதான்."

நான் மறுக்க வாயெடுத்தேன். என் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஹால் வாசலில் ஒரு செம்புத் தகடு அறைந்திருந்தார். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகும் முன்னால் அப்படி ஒரு தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் பூமியில் இறங்கிவிடும். இங்கே பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "கோவம், கடுப்பு, எல்லாம் இங்கனயே எறங்கிரும். வெறும் ஆளா உள்ள போ." நம்ப மாட்டீர்கள், முறுக்கிக்கொண்டு வந்த பையன்கள் அந்தத் தகட்டைத் தொட்டதும் தோளைத் தளர்த்திக்கொண்டு போனார்கள். யாரும் பார்க்காதபோது நானும் இரண்டு தடவை தொட்டேன்.

ஓட்டத்துக்குத் தடை. ஓடினால் உரசல், உரசினால் பொறி. ஆகவே அந்த முகாமில் நடந்தபடியே கபடி ஆடினார்கள். ரொம்ப மரியாதையான கபடி. பாடிப் போகிறவன் நடந்து போவான், பிடிக்கிறவன் நடந்து வருவான், இருவரும் சந்தித்துக்கொள்வதற்குள் பாட்டு தீர்ந்து மூச்சு போய்விடும். தர்ஷினி வாலிபாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய் நின்றாள். போர்மேன் வெகு நேரம் யோசித்தார். "குதிச்சுக்கோ. குதிக்கிறதுல ஒரசல் இல்ல."

அன்று சாயங்காலம் நான் பிடிபட்டேன். தர்ஷினியின் தடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நடப்பது போல நடந்தேன். முந்தானை தற்செயலாக உள்ளே விழுந்தது. உள்ளிருந்து ஒரு விரல் தற்செயலாக அதைச் சுற்றிக்கொண்டது.

"ஏ தாயி. அது ஒங்க பிள்ளையா?"

"ஆமா அண்ணாச்சி."

"மருந்தையும் திரியையும் ஒரே ரூம்ல வைக்கிற பழக்கம் எங்க கம்பெனியில கெடையாது."

என் பெட்டி படுக்கையை அவரே தூக்கிக்கொண்டு போய், மைதானத்துக்கு அந்தப் பக்கம், சமையல்கட்டை ஒட்டிய வெங்காய அறையில் வைத்தார். அந்த வாரம் முழுக்க நான் கண் கலங்கியதற்கு வெங்காயம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அவரைப் பார்த்து நான் அசந்துபோனது அதற்கு அப்புறம்தான். பட்டாசுக் கம்பெனியில் கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. வெடிக்குள் செலுத்தியது போக மிச்சம் எவ்வளவு இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் அழித்துவிட வேண்டும். ராத்திரி சும்மா கிடக்கிற மிச்ச மருந்துதான் விடியலில் ஆளைக் கொல்லும். போர்மேன் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு தடுப்பாகப் போனார். சேலையை விலக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"மிச்சம் ஏதும் இருக்கா?"

பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை. மெதுவாக ஒரு பையன் ஆரம்பித்தான். "இவன் என் முறுக்கைத் தின்னுட்டான் தாத்தா." பஞ்சாயத்து அங்கேயே நடந்து, அங்கேயே முடிந்தது. இன்னொரு பையன், "எனக்கு வீட்டு ஞாபகமா வருது" என்றான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இப்போது 'அழாதே ராசா' என்று தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன்.

"சரி, அழு," என்றார். "நல்லா அழு. ராத்திரிக்கு வைக்காத."

பையன் திகைத்துப்போனான். அப்புறம் அழுதான். போர்மேன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுகை தானாகத் தேய்ந்து நின்றது.

"முடிஞ்சிருச்சா? அடியில பாரு, ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கப்போகுது."

பையன் உள்ளே தேடிப் பார்த்தான். ஒரு விசும்பல் பாக்கி இருந்தது. அதையும் எடுத்துப் போட்டான். பிறகு சோறு கேட்டான்.

தர்ஷினியிடம் வந்தார். அவள் வீராப்பாக, "எனக்கு ஒண்ணும் இல்ல தாத்தா" என்றாள். போர்மேன் அசையவில்லை. "மருந்து இல்லைன்னு வாயி சொல்லும். கையைக் காட்டு." அவள் ஆள்காட்டி விரல் தன்னுடைய சட்டை நுனியைச் சுற்றிச் சுற்றி வெளுத்துப்போயிருந்தது. அப்புறம் அவள் அழுத அழுகைக்கு இரண்டு பஸ் வந்து போயிருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. நான் வெங்காய அறைக்கு ஓடிப்போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர்களிடம் மிச்சம் இருக்கிறதா என்று அவர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நான் அழுது முடிப்பதற்குள் விடிந்திருக்கும்.

அதற்கடுத்த சாயங்காலங்களிலும் அழுதாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அழுதாள். ஹாஸ்டல் கனவு கைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

போர்மேன் ஒரே ஒரு தடவை சறுக்கியதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை நியாயமாக இருக்காது. ஒருநாள் மத்தியானம் இருக்கன்குடிப் பக்கம் வானம் கறுத்தது. எங்கோ தூரத்தில் இடி ஒன்று உருண்டது. பட்டாசுக் கம்பெனியில் இடிச் சத்தம் கேட்டால் ஒரு நொடி உள்ளே இருக்கக் கூடாது; போட்டது போட்டபடி ரூமைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்த நினைப்பு அவர் ரத்தத்தில் ஊறியது. விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள்!

"எல்லாரும் வெளிய! போட்டது போட்டபடி வெளிய! ஓடாதீக, நடங்க!"

முதல் நாளிலிருந்தே பழக்கியிருந்ததால் பிள்ளைகள் நாலு நாலு பேராகக் கைகோத்துக்கொண்டு அழகாக நடந்து மைதானத்தின் நட்டநடுவில் போய் நின்றார்கள். சமையல்காரர் கரண்டியோடு நின்றார். கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லோரும் பாதுகாப்பாக நனைந்துகொண்டிருந்தோம். போர்மேன் காலியான கட்டடத்தையே கண்கொட்டாமல் பார்த்தார், இப்போது வெடிக்கும், அப்போது வெடிக்கும் என்பது போல.

சின்ன முதலாளி தாழ்வாரத்திலிருந்து அலறினார். "அண்ணாச்சி! இடி இடிக்கையில யாராச்சும் பிள்ளைகளை வெட்டவெளியில கொண்டுபோய் நிறுத்துவாகளா?"

போர்மேன் கட்டடத்தைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். அந்த மாபெரும் புருவங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அட, ஆமா. இது கம்பெனி இல்லையே!" என்றார் மெதுவாக. அடுத்த நொடி, "எல்லாரும் உள்ள! சட்டுன்னு உள்ள!" என்று கத்தினார். நல்லவேளையாக அந்த ஒரு உருட்டலோடு இடி வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டது. பிள்ளைகள் முதல் தடவையாக அவர் பேச்சை மீறி ஓடினார்கள். மழையில் ஓஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் தடுக்கவில்லை. நனைந்த மருந்து வெடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

தர்ஷினிக்கு இடி என்றால் பயம். வீட்டில் இடி இடித்தால் என் இடுப்பில்தான் இருப்பாள். சேலை காலைத் தடுக்கத் தடுக்க நான் அவளைத் தேடி ஓடினேன். அவள் தாழ்வாரப் படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ரூமிலேயே குட்டியான பெண் ஒன்று அவளை ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அந்தக் குட்டியின் விரல் தர்ஷினியின் சட்டை நுனியைச் சுற்றியிருந்தது.

"எங்க ரூம்ல நாலு பேரும் இருக்கோம், எண்ணிட்டேன்," என்றாள் தர்ஷினி. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஏன்ம்மா நனையிறீங்க? ரூமுக்குப் போங்க."

அன்று சாயங்காலம் போர்மேன் அவள் முன்னால் உட்கார்ந்தார். "மிச்சம் ஏதும் இருக்கா?" அவள் கண்ணை மூடி உள்ளே நன்றாகத் தேடிப் பார்த்தாள். "இல்ல தாத்தா." அவர் விரலைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த தடுப்புக்குப் போனார். ஈரத் தலையோடு வாசலில் நின்ற எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது சந்தோஷம் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

கடைசி நாள் கேம்ப் ஃபயர் பாக்கி. வளாகத்துக்குள் ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று போர்மேன் சொல்லிவிட்டார்.

"நோட்டீஸ்ல போட்டுருக்கோம் அண்ணாச்சி!"

"நோட்டீஸ்ல ஏரியுந்தான் போட்டுருக்கீக."

விறகை அழகாக அடுக்கி, நடுவில் டார்ச் லைட்டுகளை வைத்து, மேலே சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றினார்கள். அதற்கும் ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் ஒரு வாளி மணல். நெருப்பில்லாத நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் பாடினார்கள். ஒரு பையன் கேட்டான். "தாத்தா, தீவாளிக்கு நீங்க என்ன வெடி போடுவீங்க?"

"செய்வேன். போட மாட்டேன்."

"ஒண்ணுகூடவா?"

"தீவாளி அன்னைக்கு நான் தூங்குவேன் ராசா. கம்பெனியில மருந்தே இல்லாத நாளு அது ஒண்ணுதான்."

பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். ஊரெல்லாம் வானத்தைப் பார்க்கிற அன்றைக்குத் தூங்குவதற்காக, வருஷம் முழுக்க விழித்திருந்த மனுஷன்! அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் திட்டுவார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் மரப்பெட்டியைத் திறந்து மொபைல்களைத் திருப்பிக் கொடுத்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளையை என்னைக்கு ஹாஸ்டல்ல கொண்டு விடுறீக?" ஜூனில் பள்ளி திறக்கிற அன்றைக்கு என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் வந்தது. கொண்டுபோய் விட்டோம். விடுதி வாசலில் தர்ஷினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவின் பித்தளைத் தாழ்ப்பாளை ஒரு தடவை தொட்டாள். உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பஸ்ஸில் முழு வழியும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர்தான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்தேன். மொபைல் அடித்தது. தெரியாத நம்பர்.

"தாயி, போர்மேன் பேசுறேன். பேரன் போன்ல இருந்து. கேக்குதா? விட்டுட்டு வந்துட்டீகளா?"

"வந்துட்டோம் அண்ணாச்சி. அவ திரும்பிக்கூடப் பாக்கலை."

"நல்லது." பிறகு கேட்டார். "மிச்சம் ஏதும் இருக்கா?"

முந்தானை நுனி என் விரலிலேயே சுற்றியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். "இருக்கு அண்ணாச்சி," என்றேன்.

"சரி. ராத்திரிக்கு வைக்காதீக."

மொபைலுக்குள் இருப்பது நெருப்பு என்று நம்பிய அந்த மனுஷர், நான் அழுது முடிக்கிறவரை அதைத் தம் காதிலிருந்து எடுக்கவே இல்லை.